குடைவரை

ஆங்கிலத்தில் 'ராக்-கட்' என்றொரு கூட்டுச்சொல். கலை வரலாறு எழுதுகிறவர்கள் தவிர மற்றவர்கள் அதை அதிகம் தொடுவதில்லை. ஜேம்ஸ் பெர்குஸன் 1845இல் இந்தியக் கோயில்களைப் பற்றிய தன் புத்தகத்தின் தலைப்பிலேயே அதை வைத்தார். 'ராக்' பிரெஞ்சு வழி வந்தது. 'கட்'டின் பூர்வீகம் நிச்சயமில்லாதது. பெயரோடு இறந்தகால எச்சத்தை ஒட்டும் முறை மட்டும் அந்த மொழியின் சொந்தச் சொத்து. 1880இல் பர்ஜஸ்ஸுடன் சேர்ந்து எழுதிய நூலின் தலைப்பில் அது 'கேவ்' ஆகிவிட்டது. நம் 'குகைக்கோயி'லுக்கும் அதே முகஜாடை.

குகை தானாக உண்டாவது. செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் இருப்பது ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. அங்கே தூண்கள் நிறுத்தப்பட்டவையல்ல. சுற்றியிருந்த கல்லை எடுத்தபின் எஞ்சியவை. அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பெயர் சொல்லும் கல்வெட்டு, அதைப் புண்ணிய ரத்தினங்களின் பேழைக்கு ஒப்பிடுகிறது. பேழையும் உள்ளீடு நீக்கிய பொருள்தான்.

'குடைவரை' வினைத்தொகை. குடைந்த, குடைகிற, குடையும் வரை. மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. 'ராக்-கட்'டில் வேலை முடிந்துவிட்டது. 'குகை'யில் வேலையே இல்லை. மாமல்லபுரத்தில் உளித்தடங்களோடு பாதியில் நின்றுபோனவற்றுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. குடைவரை பொருந்தும்.

இது பண்டிதப் பிரச்னை அல்ல. நம் விமர்சனத்தின் கலைச்சொற்களில் பெரும்பாலானவை பெயரும் பெயரும் ஒட்டிய மொழிபெயர்ப்புகள். படைப்பை முடிந்துபோன பொருளாகவே பார்க்க அவை நம்மைப் பழக்குகின்றன. செய்தவனின் கை சொல்லிலிருந்தே உதிர்ந்துவிடுகிறது. சீயமங்கலத்தைப் பற்றி எழுதும்போது நான் குடைவரை என்றே எழுதுகிறேன்.