விடைபெறலின் இலக்கணம்

மேலைநாட்டுத் திருமண விருந்துகளில் காதலின் உறுதிமொழியாக ஒலித்துவரும் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்னும் பாடல், பிறப்பில் ஒரு பணிவிலகல். 1973இல் டாலி பார்ட்டன் அதனை எழுதியது காதலர் எவருக்காகவும் அன்று. 1967 முதல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடவைத்து அவரை நாடறியச் செய்த போர்ட்டர் வேகனருக்காக. பார்ட்டன் தனித்தியங்க விரும்பினார்; வேகனர் விடுவிக்க மறுத்தார். வாதங்கள் பயனற்றுப்போகவே, ஒரு பாடலை எழுதி அவர்முன் பாடிக்காட்டியதாகப் பார்ட்டனே கூறியிருக்கிறார். 1974இல் அது கன்ட்ரி இசைப்பட்டியலில் முதலிடம் பெற்றது.

பாடலின் வலிமை அதன் வினைவடிவங்களில் உள்ளது. தங்கியிருத்தல் நிபந்தனை வாக்கியமாக, நிகழப்போவதில்லாத ஒன்றாக முதலடியிலேயே ஒதுக்கப்படுகிறது. நீங்குதலோ ஐயத்திற்கு இடமின்றி உரைக்கப்படுகிறது. பிரிவுக்கான வழக்குரை எங்கும் இல்லை: யார் தவறினார், யார் பொறுத்தார் என்னும் கணக்கு இல்லை. முடிவு எடுத்தாயிற்று, எஞ்சியிருப்பது அதனை எவ்வாறு சொல்வது என்பது மட்டுமே.

இறுதிப் பகுதியில் பார்ட்டன் பாடுவதை நிறுத்திப் பேசத் தொடங்குகிறார். பாட்டினிடையே உரைநடையாகப் பேசுவது கன்ட்ரி இசையின் பழைய மரபு. பேச்சில் குரலுக்கு மெட்டின் துணை இல்லை; நடுக்கத்தை மறைக்க வழியும் இல்லை. அவ்விடத்தில் அவர் சொல்வது முழுவதும் வாழ்த்து. தமிழ் இலக்கணம் இதனை வியங்கோள் என்னும். வாழ்த்துவதற்கு எதிரிலிருப்பவரின் இசைவு தேவையில்லை. ஆகவேதான் விடைகேட்டு நின்றவர் விடைகொடுப்பவராக மாறுகிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் இப்பகுதியையும் இசையோடு பாடினார். அவ்வடிவம் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. உலகம் அறிந்ததும் அதனையே. ஆயினும் அதன் ஓங்கிய குரலில் வெற்றி கேட்கிறது. பார்ட்டனின் தாழ்ந்த குரலில் விலை கேட்கிறது.

விலை உண்மையிலேயே கொடுக்கப்பட்டது. எல்விஸ் பிரெஸ்லி இப்பாடலைப் பதிவுசெய்ய விரும்பியபோது, அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் வெளியீட்டுரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்தார், அன்றிரவு முழுவதும் அழுததாகவும் பின்னாளில் கூறினார். 1979இல் வேகனர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்து, பிற்காலத்தில் நட்பும் மீண்டது.

மீண்டெழும் திறனை நெகிழ்வின் எதிர்ச்சொல்லாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அழாதவரே உறுதியானவர் எனப்படுகிறார். பார்ட்டன் அழுதார், உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்பு குறையாமலேயே ஓரிடத்தை விட்டு நீங்க முடியும் என்பதை அவர் பாடலாக்கினார். வழிகாட்டியவரை, நிறுவனத்தை, ஊரை விட்டு நீங்க வேண்டியிருந்தும் நன்றிக்கடனால் தயங்கி நிற்போர்க்கு, பேச்சாக ஒலிக்கும் அந்தச் சில வரிகள் ஒரு சொல்முறையைத் தருகின்றன.