இடது பக்கம் 14 டிகிரி

அப்பாவின் விமானம் சுடப்படுவது எப்போதும் இடது பக்கம் பின்னாலிருந்துதான். இதை முதலில் கவனித்தவன் மகன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்துப்போன பொழுதுபோக்கு, மகனின் கம்ப்யூட்டரில் ‘ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்’ விளையாடுவது. இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டு. சாயந்திரம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார்.

இதில் சுடுவதைவிடப் பார்ப்பதுதான் பெரிய வேலை. எதிரி கண்ணிலிருந்து மறைந்தால் கதை முடிந்தது. நிஜப் போரிலும் அப்படித்தான். அந்தக் கால விமானிகள் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. ஓயாமல் தலையைத் திருப்பித் திருப்பி, காலர் உரசிக் கழுத்து புண்ணாகிவிடும். ஸ்பிட்ஃபயர் விமானத்தில், நம் பஸ் டிரைவருக்கு இருப்பதுபோல, பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிகூட உண்டு.

வீட்டில் இதற்கு வழி, தலை அசைவைப் படிக்கும் மென்பொருள். ‘ட்ராக்ஐஆர்’ போலத் தனிக் கருவி வாங்கலாம். செலவு வேண்டாம் என்றால் ‘ஓப்பன்ட்ராக்’ இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண வெப்கேமரா முகத்தைப் பார்க்க, தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அது கணக்குப் போட்டு விளையாட்டுக்குச் சொல்லிவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. முதுகுப்பக்கம் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்பினால், திரை எதிரே இருக்காதே! அதனால் தலை 30 டிகிரி திரும்பினால், விளையாட்டுக்குள் பார்வை 150 டிகிரி சுழலும்படி வைத்துக்கொள்வார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது ஒரு வளைகோடு. நடுவில் அது தட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறிபார்க்கும்போது லேசாகத் தலை அசைந்தாலே எல்லாம் ஆடும். போகப்போகச் செங்குத்தாக ஏற வேண்டும். நடுக்கத்தைக் குறைக்க ஃபில்டர் இருக்கிறது. அதைக் கூட்டினால், தலை திரும்பிய பிறகு பார்வை நிதானமாக வந்து சேரும். அதற்குள் எதிரி சுட்டுவிடுவான்.

மகன், தன் கழுத்துக்குப் பொருந்திய அளவுகளையே அப்பாவுக்கும் வைத்திருந்தான்.

“அப்பா, லெஃப்ட்ல வர்றான். திரும்பிப் பாருங்க!”

“பார்த்துட்டுதான்டா இருக்கேன்.”

அன்றைக்கும் விமானம் எரிந்து விழுந்தது. வயசாகிவிட்டது, வேகம் இல்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை மூடிவிட்டு, ஓப்பன்ட்ராக்கை மட்டும் ஓடவிட்டான். தலை எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அதில் எண்ணாகவே தெரியும்.

“வலது பக்கம் முடிஞ்ச வரைக்கும் திரும்புங்கப்பா.”

41.

“இப்போ இடது.”

27. ஆனால் தோளும் சேர்ந்தே திரும்பியிருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை திரும்பச் சொன்னான். எண் 14-ல் நின்றுவிட்டது.

“எத்தனை நாளா இப்படி?”

அவர் பதில் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னார்: “ஆறு மாசமா ஸ்கூட்டரைத் தொடவே இல்லடா. கேட்டா, டிராஃபிக் அதிகமாயிடுச்சுங்கறார்.”

சொன்னால் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். கூடவே, ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன்தான் என்ற பயமும்.

ஓப்பன்ட்ராக்கில் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு வளைகோடு வைக்க வசதி உண்டு. இடது கோட்டை மட்டும் நன்றாகச் செங்குத்தாக்கினான், 12 டிகிரிக்கே வால்பக்கம் தெரியும்படி. அவர் வழக்கமாக உட்காரும் வாக்கில் உட்காரவைத்து, அதையே நடுநிலையாகப் பதிவுசெய்தான். அன்று ராத்திரி முதல்முறையாக, இடப்பக்கம் வந்தவனை அப்பா முந்திக்கொண்டு பார்த்தார்.

மகனுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஸ்கூட்டருக்கு யார் வளைகோடு போடுவது? மறுநாளே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். தேய்மானம்தான், ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார் டாக்டர். தினமும் காலையில் கழுத்துப் பயிற்சி. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயந்திரம் அறையிலிருந்து சத்தம்.

“டேய், இதுல என்னத்தடா மாத்தின? இந்தப் பக்கம் லேசாத் திரும்பினாலே கண்டபடி சுத்துது!”

அவன் எதையும் மாற்றவில்லை. வந்து, எண்ணைப் பார்த்தான். 23. ஒன்றும் சொல்லாமல் மவுஸை அப்பாவிடமே கொடுத்து, இடது கோட்டை எப்படிக் கீழே இறக்குவது என்று காட்டினான்.