சேலத்திலிருந்து பவானிப் பாலம் வரை

சேலத்தில் புறப்பட்டு, சங்ககிரி வழியாகக் குமாரபாளையம் போய்க் காவிரியைத் தாண்டும் சாலையில் நாலைந்து தொழில்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றில் இருப்பவர் இன்னொன்றுக்கு மாறுவது அபூர்வம். திறமை வேறு, அதனால் கூலியும் வேறு என்பார்கள். பொருளாதார அறிஞர்கள் டோரிஞ்சரும் பியோரும் 1971இல் அமெரிக்காவைப் பார்த்து அதை மறுத்தார்கள்: நிலைத்த வேலையும் நிலையற்ற வேலையும் தனித்தனிச் சந்தைகள், இடையிலுள்ள கதவு எளிதில் திறக்காது. இந்தச் சாலையில் அந்தக் கதவு எதனால் மூடியிருக்கிறது என்பதை ஒருவர் வேலைக்குள் எப்படி நுழைகிறார் என்பதில்தான் தேட வேண்டும்.

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு நியமன ஆணை உண்டு, சங்கம் உண்டு; அதே வாயிலுக்குள் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த உறுதி இல்லை. 2019இல் ஆலையை விற்க முயன்றபோது தொழிலாளர்கள் எதிர்த்து நிற்க முடிந்தது. சங்ககிரியில் லாரி. கிளீனராக ஏறியவர் டிரைவராகி, கடனில் சொந்த வண்டி எடுக்கும் வழியாவது அங்கே உண்டு. ஆனால் அந்த வழி ஆண்களுக்கு மட்டும்.

குமாரபாளையத்தின் விசைத்தறிப் பட்டறைகளில் அப்படி ஏறிப்போகும் படியே கிடையாது. உள்ளே வருபவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். ஊரில் அதற்குப் பெயர் பாக்கி. பெரும்பாலும் வட்டி கிடையாது. ஆனால் பாக்கி தீராமல் வேறு பட்டறையில் தறி ஓட்ட முடியாது. இதைக் கொத்தடிமை என்றே சொல்லிவிடலாமா? 1990களில் இங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் கெர்ட் டி நேவ் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. ஆள் தட்டுப்பாடு இருந்தபோது தொழிலாளர்களே பெரிய பாக்கி கேட்டு வாங்கினார்கள்; புது முதலாளி பழைய பாக்கியைத் தீர்க்க, இடம் மாறினார்கள். இந்த மறுப்பு நியாயமானது, ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் பழைய பாக்கியைத் தீர்க்க முன்வருபவர் இன்னொரு தறி முதலாளிதான். உருக்காலையோ லாரிக்காரரோ அதைத் தீர்க்கப் போவதில்லை. முதலாளி மாறலாம், தொழில் மாற முடியாது. சந்தை துண்டுபடுவது இந்த இடத்தில்தான். பல தறிகளை ஒரே நேரத்தில் கவனித்து, அறுந்த இழையைக் கண நேரத்தில் முடிபவரைத் திறமையற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே திறமை என்ற விளக்கம் இங்கே நிற்காது.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒரு முதலாளியையும் ஒரு கடனையும் சேர்த்துப் பார்க்கிறது. பட்டறை விட்டுப் பட்டறை கைமாறும் கடன் அதன் பிடிக்குள் எளிதில் வருவதில்லை. பாக்கியை அடைக்க, எந்த வேலைக்கும் கட்டுப்படுத்தாத கூட்டுறவுக் கடன் கிடைத்தால் மட்டுமே அந்தக் கதவு அசையும். இதில் இன்னும் காலம் கடத்த முடியாது: பக்கத்துப் பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாக 2025 ஜூலையில் செய்தி வந்து, அரசு விசாரணை நடத்த வேண்டியதாயிற்று.

பாலத்துக்கு அக்கரையில் பவானி, ஜமக்காளம். கைத்தறிக்குப் பொருள்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டது. அது காப்பது சரக்கை. கைத்தறிக் கூலி போதாமல் இக்கரைக்கு வந்து பாக்கி வாங்கும் நெசவாளரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.