அருகம்புல்லைத் தோண்டிட்டு பிளாஸ்டிக் புல் போட்ட கதை

2024ல மாசி, பங்குனி ரெண்டு மாசமும் நான் தோட்டத்துல இல்லை. அமெரிக்காவுல அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்துல என் பையன் வீடு வாங்கியிருக்கான். நானும் வீட்டுக்காரம்மாவும் போய் இருந்துட்டு வந்தோம். அங்க நான் கையில மண் ஒட்டச் செஞ்ச ஒரே வேலை, பையன் வீட்டுப் பின்வாசல்ல பிளாஸ்டிக் புல் போட்டதுதான். சிரிக்காம முழுசாப் படிங்க.

பின்வாசல்ல முப்பதடிக்கு இருபதடி புல்தரை. நம்ம கணக்குல ஒண்ணரை சென்ட்கூட வராது. நான் போனப்ப வைக்கோல் நிறத்துல காஞ்சு கிடந்தது. குனிஞ்சு ஒரு கொடியைப் பிடிச்சு இழுத்தேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு நீளமா வந்தது.

"ஏண்டா தம்பி, இது நம்ம அருகம்புல்லுடா!"

அங்க அதுக்குப் பேரு பெர்முடா புல். காசு கொடுத்து வாங்கி, தண்ணி விட்டு, உரம் போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை முடி வெட்டுற மாதிரி வெட்டி வளர்க்கறாங்க. குளிர்ல அது தூங்கிப் போயிடும். அப்பவும் பச்சை தெரியணும்னு அது மேலயே ரை புல்லுன்னு இன்னொண்ணை ஐப்பசியில விதைக்கிறவங்களும் உண்டு. எங்க மஞ்சக் காட்டுல இந்த அருகையும் கோரையையும் ஒழிக்க எங்கப்பா காலத்துல இருந்து நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துல அருகு மாதிரி வேரோடணும்னு வாழ்த்துறோம், பிள்ளையாருக்கு வைக்கிறோம், எல்லாம் சரி. காட்டுக்குள்ள வந்துட்டா அது எமன்.

பையன் அதை எடுக்கணும்னு நினைச்சதுக்கு மூணு காரணம் சொன்னான். ஒண்ணு தண்ணி. வருஷத்துக்கு இருநூறு மில்லிகூட மழை பெய்யாத ஊரு அது. நம்ம பக்கமே வறட்சின்னு சொல்றோம், அதுல மூணுல ஒரு பங்குதான் அங்க. ரெண்டாவது பேரன். அருகு பூவெடுத்தா அந்தத் தூள் அவனுக்கு ஆகாது, தும்மித் தும்மிக் கண்ணு வீங்கிடுது. மூணாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். "அப்பா, ஆபீஸ்ல பாதிப் பேச்சு கோல்ஃப் மைதானத்துலதான் நடக்குது. ஓரத்துல ஒரு பட்டிங் கிரீன் வச்சா வீட்டுலயே பழகிக்கலாம்." பட்டிங் கிரீன்னா, கோல்ஃப்ல கடைசியா பந்தை மெல்ல உருட்டிக் குழியில தள்ளுற வழவழப்பான இடம்.

ஆள் வச்சுப் போட ஒன்பதாயிரம் டாலர் கேட்டாங்க. ஏழரை லட்ச ரூபா! ஒண்ணரை சென்ட்டுக்கு! நாமே போடலாம்டான்னு சொன்னது நான்தான். சொல்லிட்டுத்தான் யோசிச்சேன், இவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமான்னு.

தெரியலை. முதல் நாளே பார்த்தேன். முதுகை வளைச்சு, கையால மட்டும் குத்துறான். அரை மணி நேரத்துல உள்ளங்கையில கொப்புளம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எட்டாவது படிக்கிறப்ப அவனா தோட்டத்துக்கு வந்து மண்வெட்டியைத் தொட்டான். "இதைத் தொட்டே, கையை முறிச்சுப் போடுவேன். போய்ப் படி"ன்னு விரட்டுனவன் நான். முப்பத்தஞ்சு வயசுல, கிட்டத்தட்ட பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அவனுக்குப் பின்னால நின்னு காலை எங்க வைக்கணும், பாரத்தை எப்படி இறக்கணும்னு சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை.

தோண்டுறதுக்கு முன்னாடி 811னு ஒரு நம்பருக்குச் சொல்லணுமாம். காசில்லாமயே ஆள் வந்து, கேஸ் குழாய், கரண்டு வயர் எங்க போகுதுன்னு தரையில கலர் கலராக் கோடு போட்டுட்டுப் போறாங்க. அது ரொம்பப் பிடிச்சுது.

மூணு அங்குலம் போனதும் கடப்பாரை 'ணங்'குன்னுது. வெள்ளையா, காங்கிரீட் மாதிரி. கலீச்சின்னு பேர் சொன்னான். எடுத்துப் பார்த்தா நம்ம சுக்கான் கல்லேதான்! எங்க காட்டுல கிழக்கால மூலையில என்ன இருக்கோ அதே சனியன். உலகத்தைச் சுத்தி வந்தும் அருகும் சுக்கானும் என்னை விடலை.

எங்களுக்குள்ள சண்டை வந்தது அருகை எடுக்கறதுலதான். மேலாகச் சுரண்டிட்டு மருந்து அடிச்சாப் போதும்னு யூடியூப்ல சொல்றானுங்கன்னான். தூங்கற புல்லுக்கு மருந்து அடிச்சு என்ன ஆகும்? தளிர் விட்டு இலை பச்சையா இருந்தாத்தான் மருந்து இலை வழியா வேருக்கு இறங்கும். பத்து நாள் தண்ணி விட்டு எழுப்பு, தளிர்க்கட்டும், அப்புறம் கிழங்கோட எடுப்போம்னேன். லீவு நாலு நாள்தான்பா இருக்குன்னான். நம்ம ஊர்னா சித்திரையில கோடை உழவு ஓட்டி, கிழங்கை வெயில்ல புரட்டிப் போட்டுக் காய விடுவோம். லீவு கணக்கு பார்க்கிறவனுக்கு அது எப்படிப் புரியும். கடைசியில பாதி அவன் சொன்ன மாதிரி, பாதி நான் சொன்ன மாதிரி. கையில சல்லடை வச்சுக்கிட்டு நான் ரெண்டு நாள் கிழங்கு பொறுக்கினேன். சுவரோரம் மட்டும் விட்டுப்போச்சு.

அப்புறம் எட்டு டன் பொடிக்கல் லாரியில வந்தது. கருங்கல் நொறுங்கின மாதிரி, தூளோட கலந்தது. அதை மூணு அங்குலம் பரப்பி, தண்ணி தெளிச்சு, அதிர்ற தகடு மெஷினை வாடகைக்கு எடுத்து அமுக்கணும். நம்ம திமிசுக்கட்டை வேலைதான். வாசலுக்கு வாட்டம் விடறது என் வேலைன்னு பிடிங்கிக்கிட்டேன். வீட்டுச் சுவர்ல இருந்து வெளிய தண்ணி ஓடணும், எங்கயும் நிக்கக் கூடாது. பட்டிங் கிரீன் மட்டும் தனி. அங்க சின்ன மேடு இருந்தாலும் பந்து சொன்ன பேச்சு கேக்காது. பந்து ஒண்ணே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, குழி நாலேகால் அங்குலம். பையன் ரசமட்டம் வச்சுச் சரியா இருக்குன்னான். நான் குந்த வச்சு ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "வடக்கால ஒரு நூல் தூக்கியிருக்கு"ன்னேன். பந்தை உருட்டினான். அது வளைஞ்சு தெற்கால போச்சு. முப்பது வருஷம் பாத்திக்குத் தண்ணி விட்ட கண்ணு.

புல்லு பாய் மாதிரி சுருட்டி வருது, பதினஞ்சடி அகலம். அதுலயும் தலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பார்த்து ரெண்டு துண்டையும் ஒரே பக்கமா விரிக்கணும், இல்லைன்னா வேற வேற பச்சையாத் தெரியும். நடுவுல பசை நாடா ஒட்டி, ஓரமெல்லாம் ஆணி அடிச்சு, மேல மணல் தூவி, விளக்குமாத்தால நிமித்தி விட்டோம். பட்டிங் கிரீன் துண்டு தனியா, கட்டை முடி.

சாயந்திரம் பேரன் வெறுங்கால்ல ஓடினான். தும்மல் இல்லை. அதைப் பார்த்தப்ப, பிளாஸ்டிக்கைப் பத்தி நான் மனசுல வச்சிருந்த திட்டெல்லாம் கொஞ்சம் உள்ள போயிடுச்சு.

ஆனா பங்குனிக் கடைசியில ஒரு மத்தியானம் நான் வெறுங்கால வச்சுட்டுத் துள்ளிட்டேன். பையன் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி வச்சிருக்கான். பக்கத்து வீட்டு அருகு 34 டிகிரி காட்டுது. நம்ம புல்லு 66. உசிருள்ள புல்லு தண்ணி குடிச்சு வேர்க்குது, அதனால குளிருது. இது வேர்க்க எங்க போகும்? 2023ல அந்த ஊர்ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல போச்சாம். அப்ப இந்தப் புல்லு மேல யார் கால் வைக்கிறது? போதாக்குறைக்கு ரெண்டு வீடு தள்ளி ஒருத்தர் போட்ட புல்லு, ஜன்னல் கண்ணாடியில பட்டுத் திரும்பின வெயில்ல உருகி, சுருண்டு கிடக்குது. சாயந்திரத்துலதான் பேரனை விடணும்னு மருமககிட்டச் சொல்லிட்டு வந்தேன். ஆட்டுக்கும் ஆகாது, மண்புழுவுக்கும் ஆகாது, அதெல்லாம் வேற.

ஒருநாள் டூசான் ஊருக்குக் கார்ல போனோம். வழியில பினால் கவுண்டி. மைல் கணக்குல தரிசு. கொலராடோ ஆத்துல 2021 ஆகஸ்ட்ல முதல் முதலாத் தண்ணித் தட்டுப்பாடுன்னு அரசாங்கமே அறிவிச்சு, அடுத்த வருஷம் அளவைக் குறைச்சப்ப, முதல்ல அடி வாங்கினது இந்தப் பக்கத்து விவசாயிங்கதானாம். பருத்தியும் குதிரைமசாலும் போட்ட பூமி. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னேன். வாய்க்கால்ல வெடிப்பு. கடைமடைக்காரன் கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். நாங்க மிச்சம் பிடிக்கிற தண்ணி இவனுக்கு வரப்போறதில்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பி வந்தப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கை நான் திட்டலை.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு, "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்கயே இருங்கப்பா"ன்னான். பதில் சொல்லலை. "சுவரோரம் பார்த்துக்க"ன்னு மட்டும் சொன்னேன்.

ஆடி மாசம் வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்தது. பிளாஸ்டிக் ஓரத்துல, ஆணிக்குப் பக்கத்துல, நாலு இலை அருகு. "என்னப்பா மருந்து அடிக்கிறது?"

மருந்து வேண்டாம்டா, ராத்திரி தண்ணி ஊத்தி ஊற விட்டு, காலையில மெதுவா கிழங்கோட இழு, அவசரப்படாதேன்னு சொன்னேன். மறுநாள் பிடுங்கின வேரை உள்ளங்கையில வச்சுப் படம் அனுப்பினான். பெரிசு பண்ணிப் பார்த்தேன். பாதியில அறுந்திருந்தது. கையில கொப்புளம் இருந்த இடம் காய்ச்சுப் போயிருந்தது.