நெல்லிரசமும் நெடுந்தூர ஓட்டமும்

பேராதனையில் மாணவனாக இருந்த காலத்தில், பீடங்களுக்கிடையிலான மரதன் ஓட்டத்தை முன்னிட்டு ஹந்தானைச் சரிவில் ஓடிப் பழகினேன். விடுமுறை முடிந்து புறப்படுந்தோறும் அம்மா இரண்டு போத்தல் நெல்லிரசம் கட்டித் தருவார். "ஓடி ஓடி உடம்பைக் கெடுக்கிறாய் தம்பி, இதையாவது குடி" என்பார். அதியமான் ஔவைக்கு ஈந்த கனியின் சாறல்லவா? அது என்னை நோவிலிருந்து காக்கும் என்றே நானும் நம்பினேன். ஆயினும், முதன்முறை மலையிலிருந்து ஓடியிறங்கியதற்கு மறுநாள், விடுதிப் படிகளிற் கைபிடியைப் பற்றிக்கொண்டே இறங்க நேர்ந்தது.

அந்நோவுக்கு இலத்திரிக்கமிலமே காரணமென்று அன்று எண்ணியிருந்தோம். அது தவறு. ஓட்டம் முடிந்து சிறிது நேரத்தில் அவ்வமிலம் குருதியிலிருந்து அகன்றுவிடும். நோவோ ஓரிரு நாள் கழித்தே உச்சமடைகின்றது. தசையினுள் நேரும் நுண்ணிய சிதைவே அதற்குக் காரணமாகலாமென 1902இலேயே தியோடர் ஹஃப் எழுதினார். சரிவில் இறங்குகையில் தசை நீண்டுகொண்டே பாரந் தாங்குவதால் இச்சிதைவு மிகும்.

இதனோடு இன்னொன்றும் நிகழ்கின்றது. கடும் உழைப்பின்போது கலங்களில் ஒட்சிசனிலிருந்து சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. இவை அயலிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கும் இயல்புடையன. களைத்து ஓயும்வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் இவை இரண்டு மூன்று மடங்கு பெருகியிருந்தமையைக் கெல்வின் டேவிசும் அவர்தம் குழுவினரும் 1982இல் வெளியிட்டனர். பழங்களிலுள்ள விற்றமின் சியும் நிறப்பொருள்களும் இவற்றை அடக்கவல்லன என்பதே பழச்சாற்றின் புகழுக்கு அடிப்படையாயிற்று.

அப்புகழ் முற்றிலும் வெறுமையன்று. இலண்டன் மரதனில் ஓடிய இருபதின்மரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓட்டத்திற்கு ஐந்து நாள் முன்பிருந்து ஓட்டத்தின் பின் இரண்டு நாள்வரை புளிப்புச் செரிச்சாறு அருந்தியோரின் தசைவலு விரைவில் மீண்டது, அழற்சியும் குறைந்திருந்தது.

இவற்றைப் படித்த உற்சாகத்தில், இளைய மாணவர்க்கு நாடோறும் விற்றமின் மாத்திரைகளை விழுங்குமாறு அறிவுரை கூறினேன். பின்னரே 2009இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று என் கண்ணிற்பட்டது. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞருட் சிலருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும், 400 சர்வதேச அலகு விற்றமின் ஈயும் கொடுக்கப்பட்டன. பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்கும் பயன் மாத்திரை உண்ணாதோர்க்கே வாய்த்தது, உண்டோர்க்கு வாய்க்கவில்லை! நாம் பகையெனக் கருதிய மூலிகங்களே, உடல் தன் சொந்தக் காவல் நொதியங்களை ஆக்கிக்கொள்ளுமாறு ஏவும் தூதுவராயும் இருந்தன. தூதுவனை வாயிலிலேயே மடக்கினால் செய்தி உள்ளே செல்வதெங்ஙனம்?

என் அறிவுரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு குவளைச் சாறு செறிவான மாத்திரைக்கு நிகரன்று. அதை விலக்க வேண்டியதில்லை. ஆயினும், அடுத்தடுத்துப் போட்டிகள் வருங்கால் விரைந்து மீளுதல் ஒரு தேவை. பயிற்சிக் காலத்தில் உடல் வலிமை பெறுதல் வேறொரு தேவை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே என் பிழை.

இதனையெல்லாம் அம்மாவுக்கு நெடுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், "அப்ப ஓடி முடிச்சாப் பிறகு குடியன்" என்று கூறிப் போத்தல்களைப் பையினுள் வைத்தார்.