குதிரையின் குளம்பு

புலவர் பலர் புரவியைப் பாடினர். அதன் நிமிர்ந்த கழுத்தைப் பாடினர். காற்றில் அலையும் பிடரிமயிரைப் பாடினர். கடுகிச் செல்லும் விரைவைப் பாடினர். பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயர்களை இட்டு மகிழ்ந்தனர். ஆயினும் அவ்விரைவையெல்லாம் தாங்கி நிற்கும் குளம்பினைக் குனிந்து பார்ப்பார் சிலரே. குளம்பு கெட்ட குதிரை எத்துணை உயர்ந்த சாதியினதாயினும், கொட்டிலில் நின்று உண்ணுமேயன்றி வழி நடவாது.

தமிழகத்திற்குக் குதிரைகள் பெரும்பாலும் கடல் வழியே வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் அவை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பாண்டியன் தந்த பொருளோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ ஒரு செய்தி கூறுகின்றார். ஆர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பாண்டிய மன்னர் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகின்றார். பயணிகள் எண்களைச் சற்றுப் பெருக்கிக் கூறுதல் உண்டு, அதனை விடுவோம். அவர் காட்டும் காரணமே நாம் கருதத்தக்கது. குதிரைக்கு மருத்துவம் பார்க்கவும் இலாடம் கட்டவும் அறிந்தவர் இந்நாட்டில் இலர். குதிரை வணிகர் அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, பிறர் வருதற்கு இடம் கொடுப்பதுமில்லை என்கின்றார் அவர். குதிரைகள் மாண்டால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! நாட்டின் பொன் இவ்வாறு கடல் கடந்து சென்றது.

குளம்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இனிக் காண்போம். நம் நகம் எப்பொருளால் ஆயதோ, அப்பொருளாலேயே குளம்பின் சுவரும் ஆயது. கெரட்டின் என்பது அதன் பெயர். காலின் மயிர் முடியும் இடத்தில் வளையம் போன்ற உயிர்த்தசை ஒன்று உளது. குளம்புச் சுவர் அங்கே பிறந்து, சிறிது சிறிதாகக் கீழ் நோக்கி இறங்குகின்றது. ஒரு திங்களில் அது வளர்வது ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் அளவே. முன்புறத்தில் மேலே தோன்றிய பகுதி நிலத்தைத் தொடுவதற்கு 9 முதல் 12 திங்கள் ஆகும். பின்புறத்தில் உயரம் குறைவு. ஆதலின் காலமும் குறைவு. எனவே, இன்று நிலத்தருகே காணப்படும் குளம்பு சென்ற ஆண்டின் உணவால் ஆனது. புறச்சுவரில் குருதியோட்டம் இல்லை. தோலில் பட்ட புண் கூடி ஆறுவது போலக் குளம்பின் வெடிப்பு கூடாது. மேலிருந்து நற்சுவர் வளர்ந்து இறங்க, வெடித்த பகுதி கீழே வெட்டுண்டு கழிதல் ஒன்றே அது நீங்கும் வழி.

இதனை யான் நூலில் கற்பதற்கு முன்னரே கண்ணாற் கண்டேன். 1971ஆம் ஆண்டு யான் ஆறாம் வகுப்பில் பயின்றபொழுது, எங்கள் தெருக்கோடியில் ஜட்கா வண்டி ஓட்டும் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய செந்நிறக் குதிரையின் முன்னங்குளம்புகள் இரண்டும் பொரிந்து, ஓரம் உதிர்ந்து, மழையில் நனைந்த மண்சுவர் போலக் காணப்பட்டன. இலாடம் அடித்தால் ஆணி நில்லாது. பத்து நாளில் எங்கேனும் வழியில் விழும். மீண்டும் அடிப்பதற்குப் புதுத் துளை வேண்டும். துளை பெருகப் பெருகச் சுவர் மேலும் உடையும். முதியவர் நாள்தோறும் விளக்கெண்ணெய் பூசினார். குளம்பு மினுமினுத்தது, உதிர்வது நிற்கவில்லை.

பக்கத்து ஊரிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். அவர் குதிரையின் காலை முதலில் தொடவில்லை. தீனித் தொட்டியில் கையை விட்டு அளைந்தார். பின்னர்க் கொட்டிலின் தரையைக் காலால் கிளறினார். தொட்டியில் இருந்தது பெரும்பாலும் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பாஸ்பரஸ் மிகுந்துவிடின் உண்ட சுண்ணாம்புச் சத்தும் உடலிற் சேராது ஒழியும். ஆதலின் தவிட்டைக் குறைத்து, வேகவைத்த கொள்ளும் நல்ல புல்லும், சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசாலும் கொடுக்கச் சொன்னார். அப்பசுந்தீவனத்திற்குப் பெயர் வைத்தவர் அதன் பயனறிந்தே வைத்தார் போலும்!

தரையோ சேறாய்க் கிடந்தது. இரவெல்லாம் சிறுநீர்ச் சேற்றில் ஊறிப் பகலெல்லாம் சுடுசாலையில் காயும் குளம்பு, உப்புவதும் சுருங்குவதுமாய் வெடிக்கும். அடிப்புறத்து மெல்லிய பகுதியும் அழுகி நாறும். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் இதனை உணர்ந்திருந்தார். ஈரத்தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றும், கொட்டிலுக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின்மீது குதிரையை நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்றும் அவர் எழுதினார். ஆணியடித்த இலாடம் அக்காலக் கிரேக்கரிடம் இல்லை. வெறுங்குளம்பையே அவர்கள் நம்பியிருந்தனர்.

“ஆறு வாரத்திற்கு ஒருமுறை இலாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்க வேண்டும், பெரியவரே. முனை நீண்டால் ஒவ்வோர் அடிக்கும் அதுவே சுவரைப் பிளக்கும். பத்துப் பதினொரு திங்கள் பொறுத்திருங்கள்” என்றார் மருத்துவர்.

“ஐயா, அதுவரையில் குதிரையை நிறுத்தி வைத்தால் என் பேரப்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார் யார்?” என்று முதியவர் கேட்டார்.

மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நிறுத்த வேண்டா, பாரத்தைக் குறையுங்கள். நால்வர் ஏறும் இடத்தில் இருவரை ஏற்றுங்கள். கல் பாவிய வழியை விட்டு மண்சாலையில் செல்லுங்கள்” என்றார். அவ்வாறே செய்ய முதியவர் உடன்பட்டார். வருவாய் பாதியாயிற்று. அவர் மனைவியார் வாய்க்காற் கரையில் புல் அறுத்து வந்தார். தரைக்கு ஆற்று மணல் கொட்டப்பட்டது.

புறப்படுமுன் மருத்துவர் செய்த ஒரு செயல்தான் எங்களைப் போன்ற சிறுவர்களைக் கவர்ந்தது. மயிர் முடியும் இடத்திற்குச் சற்றுக் கீழே, குளம்பின் முகப்பில், அரத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். “இக்கோட்டிற்கு மேலே வருவது இனி நீங்கள் இடும் தீனியின் குளம்பு” என்றார். திங்கள் தவறாமல் அளவுகோலை எடுத்துச் சென்று யாங்கள் அளந்தோம். முதல் திங்களில் 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கோட்டிற்குக் கீழே பழைய பொரியல். மேலே வழவழப்பான புதுச்சுவர். எண்ணெய்க் கிண்ணம் மாடத்தில் தூசி படிந்து கிடந்தது.

குளம்பு பற்றிய அறிவு பின்னர் வளர்ந்தது. ஆசுத்திரிய நாட்டின் லிப்பிசானர் என்னும் வெண்குதிரைகளுள் பலவற்றின் குளம்புகள் நொய்ந்திருந்தன. அவற்றுள் 42 ஆண்குதிரைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரு பிரிவிற்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பயோட்டின் என்னும் வைட்டமினும், மற்றொரு பிரிவிற்குச் சத்தில்லாத போலி மருந்தும் தரப்பட்டன. 9 திங்கள் கழிந்த பின்னரே வேறுபாடு புலப்பட்டது. பயோட்டினால் குளம்பு விரைந்து வளரவில்லை. வளர்ந்தது உறுதியாக வளர்ந்தது. துத்தநாகமும் செம்பும் புரதமும் குளம்பிற்கு வேண்டுவனவே. எனினும் கண்ட சத்துப் பொடிகளையெல்லாம் அள்ளிக் கொட்டுதல் தீது. செலினியம் என்னும் தனிமம் சிறிதளவே வேண்டும். அது மிகுந்தால் குளம்பு சுற்றிலும் வெடித்துக் கழன்று விழுதலும் உண்டு.

எங்கள் தெருக் குதிரைக்குப் பயோட்டின் கிடைக்கவில்லை. பசுந்தீவனமும் உலர்ந்த தரையுமே கிடைத்தன. மழைக்காலத்தில் மணல் கரைந்து கொட்டில் மீண்டும் சேறான நாள்களும் இருந்தன. ஆயினும் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. 1972ஆம் ஆண்டு தைத்திங்களில் இலாடம் கட்டுபவரின் குறடு அதனை எட்டிற்று. கோடிருந்த துண்டு தரையில் விழ, சிறுவர் யாங்கள் அதற்காகப் போட்டியிட்டோம். அன்று அடித்த இலாடம் அடுத்த ஆறு வாரமும் காலில் நின்றது. முதியவரின் வண்டியில் நால்வர் ஏறினர்.