ஒரே பொட்டலத்து ஆணிகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. அவற்றைக் கடந்தால் வானிலையே வேறாகிவிடும். கீழே, மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் வெயிலில் காயும் ஊர். மேலே, ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனியும் சாரலும் ஓயாத ஏலத்தோட்டங்கள்.

எம் தந்தையார் மறைந்தபின், அவர் வாங்கி வைத்திருந்த ஆணிப் பொட்டலத்தை நாமும் தம்பியும் பகிர்ந்துகொண்டோம். போடியில் நம் வீட்டுச் சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபத்தை மாட்டினோம். தந்தையார் முழந்தாளிட்டுச் செபித்த பழைய சுரூபம், மலைச்சரிவில் வாழும் தம்பியின் வீட்டுக்குச் சென்றது. சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆடி மழையில் அங்கே ஆணி முறிந்தது; சுரூபம் விழுந்து ஒரு கரம் உடைந்தது. ஏறிச் சென்ற நாம், "அப்பாவின் சுரூபத்தைக்கூடக் காக்கத் தெரியவில்லையா?" என்று கடிந்துகொண்டோம். "அண்ணே, உங்கள் வீட்டில் இருப்பதும் இதே ஆணிதானே" என்றான் அவன். அதைச் செவிமடுக்காமல் இறங்கினோம். பல மாதங்கள் பேச்சில்லை.

பின்வந்த தவக்காலத்தில், வீட்டுப் பிள்ளையின் அறிவியல் பாடத்துக்காக மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஆணிகளை இட்டோம். முதலாவதில், கொதிக்க வைத்துக் காற்றை வெளியேற்றிய நீர். மேலே எண்ணெய்ப் படலம். இரண்டாவதில், கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிவிட்ட உலர்ந்த காற்று. மூன்றாவதில், பாதி நீரும் பாதி காற்றும். சில நாட்களில் மூன்றாவது ஆணி மட்டுமே துருப்பிடித்தது. நீர், பிராணவாயு இரண்டும் கூடினால்தான் இரும்பு துருவாகிறது. மழையில் நனைய வேண்டியதில்லை. மூடுபனியின் ஈரமே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாய் ஆணியில் படியும். துருவோ இரும்பைக் காக்கும் போர்வையன்று. அது நுண்துளைகள் நிறைந்து, உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் ஈரத்துக்குத் திறந்துவிடும். தில்லி மெக்ராலியில் நிற்கும், சுமார் 1,600 ஆண்டுகள் பழமையான இரும்புத் தூணுக்கும் அதில் மிகுந்துள்ள பாஸ்பரசு உருவாக்கிய காப்புப் படலத்தோடு, அந்நகரின் உலர்ந்த காற்றும் துணையாம்.

குழாய்களின் முன் நாம் தலைகுனிந்தோம். தம்பி எத்தகைய ஈரத்தில் வாழ்கிறான் என்று ஒருநாளும் கேட்டோமில்லை. நம் ஆணி துருப்பிடிக்காதது நம் பேணுதலால் அன்று; வெயிலின் தயவால்.

துருவைத் தடுக்க வழிகள் உண்டு. எண்ணெய் தடவலாம், வண்ணம் பூசலாம், பித்தளை ஆணி அடிக்கலாம். இவற்றுள் நம் நெஞ்சைத் தொட்டது துத்தநாக முலாம். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், துத்தநாகம் முதலில் தன்னை அரிப்புக்குக் கையளித்து இரும்பைக் காக்கிறது. தம்மையே கையளித்தவரை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

பெரிய வியாழனன்று மலை ஏறினோம். மன்னிப்புக் கேட்டபோது தம்பி ஒன்றும் சொல்லாமல் சுத்தியலை எடுத்து வந்தான். கொண்டுபோன பித்தளை ஆணியை நாம் பிடித்துக்கொள்ள, அவன் அடித்தான். கரம் உடைந்த சுரூபம் மீண்டும் சுவரேறியது. அன்றிரவு செபமாலையை இரு குடும்பமும் சேர்ந்தே சொன்னோம். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.